அணுசக்தி: சொற்களை அறிவோம், அச்சத்தை அளப்போம்

அண்மையில் கிராமமொன்றின் மாதர் சங்கக் கூட்டம் முடிந்து எல்லோரும் தேநீர் அருந்திக்கொண்டிருந்த வேளையில், ஓர் இளம் தாய் தயங்கித் தயங்கி ஒரு கேள்வியைக் கேட்டார்.

“அக்கா, கரண்ட் பிடிச்சிட்டு வந்த ஆக்களுக்குப் பக்கத்திலை சின்னப்பிள்ளையளை விடலாமோ?”

அவருடைய மாமியார் மார்பகப் புற்றுநோய்க்காகக் கதிர்ச் சிகிச்சை பெற்று வீடு திரும்பியிருக்கிறார். வீட்டிலே அவருக்குத் தனிக் கோப்பை, தனிப் பாய். பேரப்பிள்ளை மடியில் ஏறப் போனால் யாராவது ஓடி வந்து தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்களாம். “அது அணுக்கதிராம். யப்பானிலை குண்டு விழுந்த சனத்துக்கு வந்த மாதிரி எங்களுக்கும் வந்திடுமெண்டு அயலட்டையிலை சொல்லினம்” என்றார். போரிலே மகனை இழந்து, முகாமிலே இருந்து மீண்டு, நோயையும் வென்று வந்த ஒரு பெண், இப்போது சொந்த வீட்டிலேயே தீண்டத்தகாதவர் போல மூலையில் இருக்கிறார்.

அந்த இடத்தில் எவரிடமும் தெளிவான பதில் இருக்கவில்லை. அணு, கதிர்வீச்சு, யுரேனியம், அணு உலை என்ற சொற்களை வானொலியிலும் பத்திரிகையிலும் நாம் அடிக்கடி கேட்கிறோம். ஆனால் அவற்றின் பொருளை யாரும் எமக்கு இருந்து விளக்குவதில்லை. விளங்காத இடத்தில் பயம் குடிகொள்கிறது. எனவே இம்மாதம் அந்தச் சொற்களை ஒவ்வொன்றாக அவிழ்த்துப் பார்ப்போம்.

அணுவும் கருவும்

உலகிலுள்ள எல்லாப் பொருட்களும் அணுக்களால் ஆனவை. உப்பும் தண்ணீரும் எமது உடலும் அப்படியே. ஒவ்வோர் அணுவின் நடுவிலும் ஒரு கரு உண்டு. அக்கருவுக்குள்ளே புரோத்தன், நியூத்திரன் என்ற இரு வகைத் துணிக்கைகள் நெருங்கிக் கிடக்கின்றன. கருவுக்கு வெளியே இலத்திரன்கள் உலவுகின்றன. விறகு எரியும்போதும் சோறு வேகும்போதும் வெளிப்புற இலத்திரன்கள் மட்டுமே இடம் மாறுகின்றன. கரு அசைவதில்லை. கருவிலே மாற்றம் நிகழ்ந்தால் வெளிவரும் சக்தி, விறகின் சக்தியைப் போலப் பல இலட்சம் மடங்கு பெரியது. அதையே அணுசக்தி என்கிறோம். சரியாகச் சொன்னால் அது அணுக்கருச் சக்தி.

ஒரு மூலகத்தின் பெயரைத் தீர்மானிப்பது புரோத்தன்களின் தொகை. 92 புரோத்தன்கள் இருந்தால் அது யுரேனியம். நியூத்திரன்களின் தொகை மட்டும் கூடிக் குறையலாம். அப்படி வேறுபடுகின்றவற்றைச் சமதானிகள் என்பர். ஒரே பெயரும் ஒரே குணமும் கொண்ட, ஆனால் நிறையில் வேறுபட்ட சகோதரிகள் என்று வைத்துக்கொள்ளலாம். யுரேனியம்-235, யுரேனியம்-238 என்பவை அப்படிப்பட்ட இரு சகோதரிகள். நிலத்திலிருந்து எடுக்கும் யுரேனியத்தில் ஆயிரத்துக்கு ஏழு பங்குதான் 235. இலகுவில் பிளக்கக்கூடியது அந்த ஏழு பங்குதான். அதன் விகிதத்தைக் கூட்டும் வேலையே செறிவூட்டல். ஈரானைப் பற்றிய செய்திகளில் அடிக்கடி வரும் சொல் இதுதான்.

கதிரியக்கம்

சில அணுக்கருக்கள் நிலையில்லாதவை. அவை தாமாகவே உடைந்து, கதிர்களை வெளிவிட்டு, வேறொன்றாக மாறுகின்றன. இதுவே கதிரியக்கம். பாடசாலைப் புத்தகங்களில் கதிர்த்தொழிற்பாடு என்று இருக்கும். யுரேனியத்தில் இதனை 1896இல் கண்டவர் பிரான்சைச் சேர்ந்த ஹென்றி பெக்கரல். அதற்கு இந்தப் பெயரைக் கொடுத்தவர் ஒரு பெண். அவர்தான் போலந்தில் பிறந்த மேரி கியூரி. 1898இல் பொலோனியம், ரேடியம் என்ற இரு மூலகங்களைக் கணவருடன் சேர்ந்து கண்டுபிடித்தார். 1903இலும் 1911இலும் நோபல் பரிசு பெற்றார். இருமுறை அப்பரிசைப் பெற்ற முதல் மனிதர் அவரே.

எம்மைப் போன்றவர்கள் மேரி கியூரியை நினைக்க இன்னுமொரு காரணம் உண்டு. 1914இல் முதலாம் உலகப் போர் வெடித்தபோது, எக்ஸ்றே கருவிகளை வாகனங்களில் ஏற்றிப் போர்முனை வைத்தியசாலைகளுக்குக் கொண்டு சென்றார். தானே வாகனம் ஓட்டப் பழகினார். பதின்ம வயது மகள் ஐரீனும் உடன் சென்றார். காயப்பட்டவர்களின் உடலில் சன்னமும் செல் துண்டும் எங்கே தங்கியுள்ளன என்பதை அக்கருவிகள் காட்டின. இன்றும் உடலில் செல் துண்டுகளோடு வாழ்கின்ற எமது சகோதரிகளுக்கு அந்தப் படத்தின் பெறுமதி தெரியும்.

கதிர்களில் முக்கியமானவை மூன்று. அல்பாக் கதிரை ஒரு காகிதத் தாள் தடுத்துவிடும். ஆனால் அதை வெளியிடும் தூசு மூச்சோடு உள்ளே போனால் ஆபத்து. பீற்றாக் கதிரை மெல்லிய அலுமினியத் தகடு தடுக்கும். காமாக் கதிரைத் தடுக்கத் தடித்த ஈயமோ கொங்கிறீற்றுச் சுவரோ வேண்டும். கதிர்ச் சிகிச்சை அறையின் சுவர்கள் அவ்வளவு தடிப்பாக இருப்பது இதனாலேயே.

அரைவாழ்வுக் காலம்

கதிரியக்கப் பொருள் ஒரேயடியாகத் தீர்ந்துவிடுவதில்லை. குறித்த ஒரு காலத்தில் பாதியாகும். மீண்டும் அதே காலத்தில் மிச்சத்தின் பாதியாகும். அந்தக் காலமே அரைவாழ்வுக் காலம். அயடீன்-131க்கு அது 8 நாட்கள். ஆகவே எண்பது நாட்களில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துவிடும். சீசியம்-137க்கு 30 ஆண்டுகள். 100 பங்கு இருந்தால், 30 ஆண்டுகளில் 50, 60 ஆண்டுகளில் 25, 90 ஆண்டுகளில் பன்னிரண்டரை. புளுத்தோனியம்-239க்கோ 24,000 ஆண்டுகள். ஓர் இடத்தில் எது கொட்டியது என்று தெரிந்தால்தான், அங்கே எப்போது திரும்பிப் போகலாம் என்று சொல்ல முடியும்.

நாட்டை விட்டோடிய பெண்ணும் பிளந்த கருவும்

கருப்பிளவு என்ற சொல்லுக்குப் பின்னால் இடம்பெயர்ந்த ஒரு பெண்ணின் கதை இருக்கிறது. லீஸ் மைட்னர் 1878இல் வியன்னாவில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1907இல் ஆராய்ச்சிக்காக பேர்லின் வந்தபோது, பெண் என்பதால் மேல்மாடி ஆய்வுகூடங்களுக்குள் விடவில்லை. கீழ்த்தளத்தில் முன்னர் தச்சுவேலை நடந்த ஓர் அறையையே கொடுத்தார்கள். அங்கிருந்தபடி ஒட்டோ ஹான் என்ற இரசாயனவியலாளருடன் முப்பது ஆண்டுகள் உழைத்தார்.

1938 மார்ச்சில் ஹிட்லர் ஒஸ்ரியாவைக் கைப்பற்றியதும் அவருடைய பாதுகாப்புப் போயிற்று. அவ்வாண்டு யூலையில், சிறிய பெட்டியில் சில உடுப்புகளோடும் பையில் பத்து மார்க் காசோடும் இரகசியமாக எல்லையைக் கடந்தார். காவலருக்குக் கொடுக்க நேர்ந்தால் உதவட்டும் என்று ஹான் தன் தாயின் மோதிரத்தைக் கொடுத்துவிட்டிருந்தார். அப்போது அவருக்கு வயது 59. அறுபதை நெருங்கும் வயதில் சுவீடனில் வாழ்வைப் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது.

அவ்வாண்டு மார்கழியில் ஹானிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. யுரேனியத்தை நியூத்திரனால் தாக்கினால் பேரியம் வருகிறது, இது எப்படி என்று அவர் கேட்டிருந்தார். யுரேனியத்தின் பாதி நிறையளவே உள்ள பேரியம் எங்கிருந்து வந்தது? நத்தார் விடுமுறைக்கு வந்திருந்த சகோதரியின் மகன் ஒட்டோ ஃபிரிஷுடன் பனியில் நடந்தபடி மைட்னர் அதை யோசித்தார். ஒரு மரக்குற்றியில் அமர்ந்து, கிடைத்த காகிதத் துண்டில் கணக்குப் போட்டார். பெரிய நீர்த்துளி நடுவில் ஒடுங்கி இரண்டு துளிகளாகப் பிரிவதைப் போலக் கருவும் பிளந்திருக்கிறது என்று கண்டார். பிளந்த துண்டுகளின் நிறை சற்றுக் குறைகிறது. குறைந்த நிறையே பெரும் சக்தியாக மாறுகிறது. இதுவே கருப்பிளவு.

பிளவின்போது இரண்டு மூன்று நியூத்திரன்களும் வெளியே பாய்கின்றன. அவை அடுத்த கருக்களைப் பிளக்கின்றன. அவற்றிலிருந்து வருபவை இன்னும் பலவற்றைப் பிளக்கின்றன. ஒருவர் இருவருக்குச் சொல்ல, இருவர் நால்வருக்குச் சொல்ல, ஊரெல்லாம் பரவும் செய்தியைப் போன்றது இது. இதற்குச் சங்கிலித் தாக்கம் என்று பெயர். 1942 டிசம்பர் 2ஆம் திகதி, அமெரிக்காவின் சிக்காக்கோ நகரில் என்றிக்கோ ஃபேர்மியின் குழுவினர் முதன்முதலாக அதைக் கட்டுப்பாட்டோடு நடத்திக் காட்டினர்.

அணுகுண்டு செய்யும் வேலைக்கு மைட்னரையும் அழைத்தார்கள். அவர் மறுத்துவிட்டார். கருப்பிளவுக்கான நோபல் பரிசு ஹானுக்கு மட்டும் போயிற்று. 1997இல்தான் 109ஆவது மூலகத்துக்கு மைட்னேரியம் என்று அவருடைய பெயர் வந்தது. அதைப் பார்க்க அவர் இருக்கவில்லை. 1968இல் காலமாகிவிட்டார்.

உலையும் குண்டும்

அடுப்பில் எரிவதும் தீதான், வீட்டைச் சுட்டெரிப்பதும் தீதான். அணு உலைக்கும் அணுகுண்டுக்கும் உள்ள உறவு இதைப் போன்றது. குண்டுக்கு 90 வீதமளவு செறிவூட்டிய யுரேனியமோ அல்லது புளுத்தோனியமோ வேண்டும். அதில் சங்கிலித் தாக்கம் கட்டுப்பாடின்றிக் கண் இமைக்கும் முன்னே முடிந்துவிடும். பெரும்பாலான உலைகளில் 3 முதல் 5 வீதம் வரை செறிவூட்டிய யுரேனியமே எரிபொருள். ஆகவே உலை ஒன்று அணுகுண்டாக வெடிக்க முடியாது. ஆனால் வேறு விதத்தில் விபத்துக்குள்ளாகலாம்.

உலையின் வேலை தண்ணீரைக் கொதிக்க வைப்பதுதான். புட்டுப் பானையின் ஆவி மூடியைத் தள்ளுவதைப் போல, உலையின் வெப்பத்தால் எழும் நீராவி சுழலியைச் சுற்றுகிறது. சுழலி மின்சாரம் தருகிறது. நுரைச்சோலையில் நிலக்கரி செய்கின்ற வேலையை அங்கே யுரேனியம் செய்கிறது. நியூத்திரன்களை உறிஞ்சிச் சங்கிலித் தாக்கத்தை அடக்குபவை கட்டுப்பாட்டுக் கோல்கள். நியூத்திரன்களின் வேகத்தைக் குறைப்பது தணிப்பான். வெப்பத்தை எடுத்துச் செல்வது குளிர்த்தி. பெரும்பாலான உலைகளில் தணிப்பானும் குளிர்த்தியும் தண்ணீரே.

நுரைச்சோலையின் மூன்று இயந்திரங்களும் சேர்ந்து 900 மெகாவாற்று வலுவுடையவை. கூடங்குளத்தின் ஒரே உலையின் வலு 1,000 மெகாவாற்று. ஒரு கிலோ யுரேனியம்-235 முழுவதும் பிளந்தால் இரண்டாயிரத்து ஐந்நூறு தொன்னுக்கும் அதிகமான நிலக்கரியின் வெப்பத்தைத் தரும். புகையும் வராது. இது அணுமின்னின் நன்மை. தீமையோ அதன் சாம்பல். பாவித்து முடிந்த எரிபொருள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்குக் கதிரியக்கம் உடையதாக இருக்கும். அதை நிலத்துக்கடியில் ஆழப் புதைப்பதற்கான ஏற்பாடுகளை மிகச் சில நாடுகளே செய்து வருகின்றன.

ஊரை விட்டு எழும்பியவர்கள்

1986 ஏப்ரல் 26 அதிகாலையில், அப்போது சோவியத் ஒன்றியத்தில் இருந்த உக்ரேனின் செர்னோபில் நிலையத்தில் நான்காவது உலை வெடித்தது. மறுநாள் பிற்பகல் பக்கத்து நகரான பிரிபியாற்றின் 49,000 பேரை பஸ்களில் ஏற்றினார்கள். மூன்று நாட்களுக்கு வேண்டியதை மட்டும் எடுங்கள், திரும்பி வந்துவிடலாம் என்று சொன்னார்கள். அவர்கள் திரும்பவே இல்லை. அவ்வாண்டு மட்டும் ஒரு இலட்சத்துக்கும் அதிகமானோர் ஊரை விட்டு அகற்றப்பட்டனர். “ரெண்டு நாளிலை வந்திடலாம்” என்று கதவைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு புறப்பட்ட எமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பின்னர் பலர், பெரும்பாலும் வயது முதிர்ந்த பெண்கள், தடையை மீறித் தங்கள் வீடுகளுக்குத் திரும்பினார்கள். போரையும் பஞ்சத்தையும் கண்டவர்கள் அவர்கள். கண்ணுக்குத் தெரியாத கதிருக்கு அஞ்சி முற்றத்தை விட அவர்கள் விரும்பவில்லை.

அங்கே பிள்ளைகளைத் தாக்கியது அயடீன்-131. புல்லில் படிந்தது, பசுவின் பாலில் இறங்கியது, பாலைக் குடித்த பிள்ளைகளின் தைரொயிட் சுரப்பியில் சேர்ந்தது. ஆயிரக்கணக்கானோருக்குத் தைரொயிட் புற்றுநோய் வந்தது. பெரும்பாலானோர் சிகிச்சையால் பிழைத்தனர். எட்டு நாளில் பாதியாகும் பொருள் அது. அந்தச் சில கிழமைகள் பாலை நிறுத்தியிருந்தால் பலரைக் காத்திருக்கலாம். உண்மையை உரிய நேரத்தில் சொல்லாததே பெரிய ஆபத்தாயிற்று.

யப்பானின் புக்குஷிமாவில் 2011 மார்ச் 11இல் நிலம் அதிர்ந்ததும் ஓடிக்கொண்டிருந்த மூன்று உலைகளும் தாமாகவே நின்றன. ஆனால் சங்கிலித் தாக்கம் நின்றாலும் எரிபொருளின் சூடு உடனே அடங்காது. அடுப்பை அணைத்த பின்பும் தணல் கிடப்பதைப் போன்றது அது. சுனாமி வந்து மின்பிறப்பாக்கிகளை மூழ்கடித்தது. தண்ணீர் பாய்ச்ச வழியின்றி எரிபொருள் உருகியது. ஒன்றரை இலட்சம் பேரளவில் ஊரை விட்டு வெளியேறினர். இடம்பெயர்ந்த களைப்பாலும் மருந்து தவறியதாலும் மன வேதனையாலும் அம்மாவட்டத்தில் இறந்தவர்கள் இரண்டாயிரத்துக்கும் அதிகம். அவர்களில் பெரும்பாலானோர் முதியவர்கள். அங்கே கதிரை விட இடப்பெயர்வே அதிக உயிர்களைக் கொண்டு போயிற்று.

கதிர் படுதல் வேறு, கதிர்த்தூசு ஒட்டுதல் வேறு

இப்போது அந்த இளம் தாயின் கேள்விக்கு வருவோம். இதைப் புரிந்துகொள்ள ஒரு வேறுபாட்டை மனதில் இருத்தினால் போதும்.

விளக்கின் வெளிச்சம் சுவரில் படுகிறது. விளக்கை அணைத்ததும் சுவர் இருளாகிறது. வெளிச்சம் பட்டதால் சுவர் விளக்காகி விடுவதில்லை. அதே விளக்கின் கரி சுவரில் ஒட்டினால் அது அங்கேயே இருக்கும், தொட்டவரின் கையிலும் ஒட்டும். கதிர் உடலில் படுதல் வெளிச்சத்தைப் போன்றது. கதிரியக்கத் தூசு ஒட்டுதல் கரியைப் போன்றது. செர்னோபிலில் பாலுக்குள் போனது கரி. மேரி கியூரியின் குறிப்பேடுகளில் ஒட்டியதும் கரிதான். ரேடியத்தின் அரைவாழ்வு 1,600 ஆண்டுகள் என்பதால் அவை இன்றும் ஈயப் பெட்டிகளில் வைக்கப்பட்டுள்ளன.

மகரகம, தெல்லிப்பழை போன்ற இடங்களில் வெளியிலிருந்து இயந்திரத்தால் கொடுக்கும் சிகிச்சையோ வெறும் வெளிச்சம். கதிரின் மூலம் இயந்திரத்துக்குள்ளேயே இருக்கிறது. இயந்திரம் நின்றதும் கதிரும் நின்றுவிடும். நோயாளியின் உடலிலோ மூச்சிலோ வியர்வையிலோ எதுவும் மிஞ்சாது. தோல் கறுக்கலாம், களைப்பு வரலாம். அவை அவருக்கு உள்ள நோவு, மற்றவருக்குத் தொற்றுவதில்லை. புற்றுநோயும் தொட்டால் பரவும் நோயல்ல. பேரப்பிள்ளை தாராளமாக மடியில் ஏறலாம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. தைரொயிட் நோய்க்குக் கதிரியக்க அயடீனை வாயால் கொடுக்கும் சிகிச்சையில் மருந்து சில நாட்கள் உடலுக்குள் இருக்கும். அப்போது குழந்தைகளிடமிருந்தும் கர்ப்பிணிகளிடமிருந்தும் எத்தனை நாட்கள் விலகியிருப்பது என்று வைத்தியரே சொல்லி அனுப்புவார். அந்த நாட்கள் முடிந்தால் விலகலும் முடிந்தது.

ஹிரோசிமாவில் 1945 ஓகஸ்ட் 6இலும் நாகசாகியில் 9இலும் குண்டு விழுந்தபின் உயிர் தப்பியவர்களும் இதே துன்பத்தை அனுபவித்தார்கள். ஹிபாகுஷா என்று அழைக்கப்பட்ட அவர்களோடு சம்பந்தம் செய்யப் பலர் பின்னின்றனர். பெண்கள் தங்கள் ஊரையே மறைத்தார்கள். ஆனால் தப்பியவர்களுக்குப் பின்னர் பிறந்த பிள்ளைகளைப் பல்லாண்டு காலமாக ஆராய்ந்தும், கதிரினால் பரம்பரைப் பாதிப்பு கூடியதாகத் தெரியவரவில்லை. தப்பியவர்களின் நிகோன் ஹிடான்கியோ அமைப்புக்கு 2024இல் நோபல் சமாதானப் பரிசு கிடைத்தது. குண்டுக்கு எதிராக மட்டுமல்லாது, அந்த ஒதுக்கலுக்கு எதிராகவும் அவர்கள் வாழ்நாள் முழுவதும் பேசியிருக்கிறார்கள்.

எமது அயலில்

மண்ணிலும் காற்றிலும் உணவிலும் இயற்கையாகவே கதிர் உண்டு. உடல் பெறும் கதிரின் அளவைச் சீவேட் என்ற அலகால் அளப்பர். அதன் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிசீவேட். உலக மனிதர் ஒருவர் ஆண்டுக்குச் சராசரி 2.4 மில்லிசீவேட்டை இயற்கையிலிருந்தே பெறுகிறார். நெஞ்சு எக்ஸ்றே ஒன்றில் பெறுவது 0.1 அல்லது அதற்கும் குறைவு. சீ.ரி. ஸ்கான் ஒன்றில் அதைவிடப் பல மடங்கு, பத்து வரையும் போகலாம். எனவே வைத்தியர் சொன்னால் எடுக்கத் தயங்க வேண்டாம், தேவையின்றிக் கேட்டு எடுக்கவும் வேண்டாம். கர்ப்பம் தங்கியிருக்கலாம் என்றால் முன்னரே சொல்லிவிடுங்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கான் கதிர் அல்ல, வலிமையான காந்தம். உடலில் செல் துண்டோ சன்னமோ உள்ளவர்கள் அதற்கு முன் அவசியம் சொல்ல வேண்டும்.

புல்மோட்டைக் கடற்கரையின் கனிய மணலில் மொனசைற்று என்ற கனியம் சிறிதளவு உண்டு. அதில் தோரியம் என்ற கதிரியக்க மூலகம் இருக்கிறது. இலங்கையில் அணுமின் நிலையம் இல்லை. ஆனால் கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டில் கல்பாக்கமும் கூடங்குளமும் உள்ளன. கூடங்குளம் எமது மேற்குக் கரையிலிருந்து இருநூறு கிலோமீற்றருக்குச் சற்று அதிகமான தூரத்தில் இருக்கிறது. 2011இல் இடிந்தகரையின் மீனவப் பெண்கள் அதற்கு எதிராக உண்ணாவிரதம் இருந்து போராடினார்கள். ஆயினும் 2013இல் முதல் உலை மின்சாரம் தரத் தொடங்கியது. எமது நாட்டில் கதிரியக்கப் பொருட்களின் பாவனையை மேற்பார்வை செய்ய, 2014ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் அணுசக்தி ஒழுங்குபடுத்தல் பேரவை அமைக்கப்பட்டது. அணுவாயுதங்களைத் தடைசெய்யும் சர்வதேச உடன்படிக்கையிலும் இலங்கை 2023இல் இணைந்தது.

அணுமின் வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வி நாளை எமது வாசலுக்கும் வரலாம். அப்போது எங்கே கட்டுவீர்கள், சாம்பலை எங்கே வைப்பீர்கள், விபத்து என்றால் எங்களுக்கு எப்போது சொல்வீர்கள் என்று கேட்க எமக்கு உரிமை உண்டு. கேட்பதற்குச் சொற்கள் வேண்டும். அதற்காகவே இக்கட்டுரை.

அதற்கு முன் ஒரு சிறிய வேலை உண்டு. உங்கள் வீட்டிலோ அயலிலோ ‘கரண்ட் பிடித்து’ வந்த ஒருவர் தனிக் கோப்பையோடு இருந்தால், இதை அவ்வீட்டாருக்கு வாசித்துக் காட்டுங்கள். அந்தப் பாயை மூலையிலிருந்து நடு அறைக்கு இழுத்துப் போடுங்கள்.

நினைவில் வைத்திருக்கச் சில சொற்கள்

சமதானி: ஒரே மூலகத்தின் நிறை வேறுபட்ட வடிவங்கள்.
கதிரியக்கம்: நிலையற்ற கரு தானாக உடைந்து கதிரை வெளிவிடுதல்.
அரைவாழ்வுக் காலம்: கதிரியக்கப் பொருள் பாதியாகக் குறைய எடுக்கும் காலம்.
கருப்பிளவு: பாரமான கரு இரண்டாகப் பிளந்து சக்தி தருதல்.
கரு இணைவு: சிறிய கருக்கள் ஒன்றாகி சக்தி தருதல். சூரியனில் நடப்பது இது.
சங்கிலித் தாக்கம்: ஒரு பிளவு அடுத்த பிளவுகளை உண்டாக்கிக்கொண்டே போதல்.
செறிவூட்டல்: யுரேனியம்-235இன் விகிதத்தைக் கூட்டுதல்.
சீவேட்: உடல் பெறும் கதிரின் அளவைச் சொல்லும் அலகு.